முதல் ஏர்பிரஷ், முதல் கம்ப்ரசர்: வேலூர்ப் பக்கத்தில் என்னிடம் கேட்ட கேள்விகள்

காட்பாடியில் என் வீட்டு மாடியறையில் ஒரு பழைய மேசை. அதில் பிளாஸ்டிக் கிட் விமானங்களையும் டாங்கிகளையும் ஒட்டி, பெயின்ட் அடித்து வைப்பது என் வழக்கம். பார்க்க வருகிறவர்கள் பலதரம். வி.ஐ.டி. விடுதிப் பையன்கள், ராணிப்பேட்டையில் தோல் ஃபினிஷிங் யூனிட்டில் வேலை செய்யும் நண்பர், குடியாத்தத்திலிருந்து வரும் வாத்தியார் ஒருவர். யார் வந்தாலும் பேச்சு கடைசியில் ஏர்பிரஷ்ஷில் வந்து நிற்கும். கம்ப்ரசர் தரும் காற்றில் பெயின்ட்டை மெல்லிய தூறலாகத் தூவும், பேனா மாதிரியான கருவி அது. போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

அண்ணா, சாதா பிரஷ்ல அடிச்சா ஆகாதா? ஸ்ப்ரே கேன் வேற இருக்கே?

ஆகும். சிப்பாய் பொம்மையின் முகம், காக்பிட் உள்ளே இருக்கும் பட்டன்கள் எல்லாம் இன்றைக்கும் நான் கைப்பிரஷ்ஷில்தான் அடிக்கிறேன். சிக்கல் வருவது பெரிய பரப்பில். 1/72 அளவு (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) விமான இறக்கையில் பிரஷ் தடம் தெரியும். கொஞ்சம் கெட்டியாகப் பூசினால் பேனல் கோடுகள் (தகடு சேருமிடத்தைக் காட்டப் பொறித்த மெல்லிய கோடுகள்) அடைத்துப்போகும். ஸ்ப்ரே கேனில் பெயின்ட் எவ்வளவு வர வேண்டும் என்பது நம் கையில் இல்லை. ஒரே நிறத்தில் ஒரு கார் என்றால் கேன் போதும். பச்சையும் பழுப்பும் ஓரத்தில் மங்கிக் கலக்கிற கேமஃப்ளாஜுக்கு ஏர்பிரஷ்தான் வேண்டும்.

இன்னும் ஒரு கிட்டைக்கூட முடிக்காதவர் என்றால், முதலில் இரண்டு மூன்றை கைப்பிரஷ்ஷிலேயே முடித்துவிட்டு வாருங்கள். பாதியில் நின்றுபோன கிட்டும் பிரிக்காத கம்ப்ரசர் பெட்டியும் ஒரே பரணில் கிடப்பதை இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன்.

சிங்கிள் ஆக்‌ஷன், டபுள் ஆக்‌ஷன்னு போட்டுகினு கீறான். இன்னா வித்தியாசம்?

சிங்கிள் ஆக்‌ஷனில் பட்டனை அழுத்தினால் காற்றும் பெயின்ட்டும் சேர்ந்தே வரும். அளவை மாற்ற அடிப்பதை நிறுத்தித் திருகைத் திருக வேண்டும். டபுள் ஆக்‌ஷனில் டிரிக்கரை கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பெயின்ட்.

டபுள் ஆக்‌ஷனே வாங்குங்கள். "கத்துக்க கஷ்டமாமே" என்பார்கள். ஒரு சாயங்காலம் பழைய செய்தித்தாளில் புள்ளியும் கோடுமாக அடித்துப் பழகினால் விரலுக்குப் பிடிபட்டுவிடும். பழக வேண்டிய வரிசை ஒன்றுதான்: முதலில் காற்று, பிறகு பெயின்ட், முடிக்கும்போது முதலில் பெயின்ட்டை நிறுத்தி, அப்புறம் காற்று. இதை மாற்றிச் செய்தால் நாசில் (பெயின்ட் வெளிவரும் சின்னத் துளை) முனையில் தேங்கிய பெயின்ட் அடுத்த அழுத்தலில் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும்.

கப் மேல இருக்கிறதா, பாட்டில் கீழ தொங்குறதா?

மேலே கப் இருப்பது. பெயின்ட் தானாகவே இறங்குவதால் குறைந்த அழுத்தம் போதும். பத்துச் சொட்டு ஊற்றினாலும் வேலை நடக்கும். கீழே தொங்கும் பாட்டில் வகை டி-ஷர்ட்டும் பேனரும் அடிக்கிறவர்களுக்கு. நம் அளவு வேலைக்கு அதன் குழாயில் ஒட்டி வீணாகிற பெயின்ட்டே அதிகம்.

நாசில் 0.2, 0.3, 0.5. சின்னதா வாங்கினா நல்லா ஃபைனா வரும்தானே?

எல்லாரும் விழுகிற குழி இது. எண்கள் நாசில் துளையின் அளவு, மில்லிமீட்டரில். 0.2 நாசிலில் பெயின்ட்டை மிகவும் நீர்க்கக் கரைக்க வேண்டும், ஒரு துளி பிசிறு இருந்தாலும் அடைக்கும், நம் ஊர் வெயிலில் முனையிலேயே காய்ந்து நிற்கும். முதல் ஏர்பிரஷ்ஷுக்கு 0.3 அல்லது 0.35. அதே 0.3-இல் பென்சில் கோடு அளவுக்கும் அடிக்கலாம், 1/48 விமானத்தின் முழு இறக்கையையும் மூடலாம். மெல்லிய கோடு வருவதில் நாசிலை விடப் பெயின்ட்டின் பதமும், அழுத்தமும், கை எவ்வளவு கிட்டே போகிறது என்பதும்தான் பெரிய பங்கு. 0.5 பிரைமருக்கும் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) வார்னிஷுக்கும் சுகம். அது இரண்டாவது வாங்கும்போது.

சீனாக்காரன் ஏர்பிரஷ் போதுமா? ஜப்பான், ஜெர்மனி எல்லாம் அஞ்சு மடங்கு விலை சொல்றானே.

பழகுவதற்குப் போதும். நான் ஆரம்பித்தது அதில்தான். ஒன்றரை வருடம் உழைத்தது. ஆனால் எங்கே குறை என்று தெரிந்து வாங்குங்கள். நாசில் சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இல்லாத சின்னத் திருகு. கூடவே தரும் ஸ்பானரில் கொஞ்சம் அதிகமாக முறுக்கினால் கழுத்து உடைந்து உள்ளே தங்கிவிடும். என்னுடையது அப்படித்தான் உடைந்தது, தப்பு முழுக்க என் கை. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் லாக்கர் தின்னர் (லாக்கர் என்கிற காட்டமான பெயின்ட்டைக் கரைக்கும் திரவம்) பட்டால் உப்பிவிடும்.

ஜப்பானின் ஐவாட்டா எக்லிப்ஸ், ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவல்யூஷன் மாதிரியானவற்றில் நாசிலைத் திருக வேண்டாம். இடத்தில் வைத்து மேல் மூடியைக் கையால் முறுக்கினால் போதும். கழுவுகிற வேலையில் பாதி குறையும், உதிரி பாகமும் வருடக்கணக்கில் கிடைக்கும். கையில் காசு இருந்தால் நேராக அங்கேயே போங்கள். இல்லையென்றால் மலிவானதில் பழகுங்கள், ஆனால் கம்ப்ரசரில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏர்பிரஷ்ஷை மாற்றிக்கொண்டே போவோம். கம்ப்ரசர் ஒரு தடவை வாங்கினால் பத்து வருடம் மேசைக்கு அடியில் கிடக்கும்.

சரி, கம்ப்ரசர்ல டேங்க் கட்டாயமா? டேங்க் இல்லாதது ரெண்டாயிரம் கம்மி.

அந்த ரெண்டாயிரத்தைக் கொடுத்துவிடுங்கள். பிஸ்டன் ஒவ்வொரு அடிக்கும் ஒரு துடிப்பு காற்றை அனுப்பும். டேங்க் இல்லாவிட்டால் அந்தத் துடிப்பு நாசில் வரை வரும், மெல்லிய கோடு விட்டு விட்டுத் தெரியும். அதோடு, டேங்க் இல்லாதவற்றில் மோட்டார் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மே மாதம் மாடியறையில் அரை மணி ஓடினால் தொட முடியாத சூடு.

நம் வேலைக்கு வழக்கமானது எண்ணெய் இல்லாத ஒற்றை பிஸ்டன், 3 லிட்டர் டேங்க். கடைகளில் ஏ.எஸ்.-186 என்ற எண்ணில் பல பெயர்களில் வருவது இந்த ஜாதிதான். டேங்க் நிறைந்ததும், ஏறத்தாழ 4 பார் அழுத்தத்தில், தானாக நிற்கும்; 3 பாருக்கு இறங்கினால் மறுபடி ஓடும். குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள். நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் காற்று, ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு), பிரஷர் மீட்டர், தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் குடுவை, தானாக நிற்கும் சுவிட்ச் இவ்வளவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பைக்கு டயருக்குக் காத்து அடிக்கிற குட்டி கம்ப்ரசர் வீட்ல கீது. அது ஆவாதா?

ஆகாது. டயருக்கு 30 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டு நிற்பதற்காகச் செய்தது. துடிப்பு அதிகம், தொடர்ந்து ஓடினால் எரிந்துவிடும். ஏர்பிரஷ்ஷுக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளும் சார்ஜ் வகை இப்போது நிறைய வருகிறது. ஹாஸ்டல் அறையில் வேறு வழியில்லாத பையன்கள் வைத்திருக்கிறார்கள். பிரைமர் அடிக்கலாம். அழுத்தத்தைச் சின்னச் சின்னதாகக் கூட்டிக் குறைக்க முடியாததால் கேமஃப்ளாஜ் என்று வந்தால் கையைக் கட்டிப்போட்ட மாதிரி.

பழைய இரும்புக் கடையில ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஐநூறு ரூபாய்க்குத் தரான். மாமா வெல்டிங் தெரிஞ்சவர். செஞ்சுக்கலாமா?

சத்தமே இல்லாமல் ஓடும் என்பது உண்மை. ஆசை எனக்கும் இருந்தது. மூன்று காரணம் சொல்கிறேன், பிறகு உங்கள் விருப்பம். அதற்குள் எண்ணெய் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு வெளியே வரும், பிரைமர் மேல் மீன்கண் மாதிரி வட்டம் விழும். இரண்டாவது, அழுத்தம் ஏறினால் அது தானாக நிற்காது. சுவிட்சும் சேஃப்டி வால்வும் நாம் வைக்க வேண்டும், டேங்க் நல்ல டேங்காக இருக்க வேண்டும். துருப்பிடித்த உருளையில் காற்றை அடைப்பது வெடியை அடைப்பதுதான். மூன்றாவது, புதிய ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ என்கிற எரியும் வாயு இருக்கிறது. அதன் குழாயில் வெல்டிங் தீயைக் காட்டினால் மாமாவுக்கு ஆபத்து. முதல் கம்ப்ரசர் இதுவாக வேண்டாம்.

எங்க யூனிட்ல தோலுக்கு ஸ்ப்ரே அடிக்கிற கன், பெரிய கம்ப்ரசர் எல்லாம் இருக்கு சார். ஞாயித்துக்கிழமை அதுலயே அடிச்சுக்கலாமே?

ராணிப்பேட்டை நண்பர் கேட்டது. கம்ப்ரசர் ஆகும், கன் ஆகாது. அந்த கன்னின் நாசில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். ஒரு டாங்கியை அதில் அடித்தால் டாங்கி பெயின்ட்டில் குளித்துவிடும். பெரிய கம்ப்ரசரில் லைன் அழுத்தம் அதிகம் என்பதால் தனி ரெகுலேட்டரும், எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் ஃபில்டரும் போட்டு ஏர்பிரஷ்ஷை மாட்டலாம். முதலாளியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: கை வீசுகிற முறையில் இவருக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. தோலில் பழகிய கை. கன் தோலின் ஓரத்தைத் தாண்டிய பிறகுதான் டிரிக்கரை விடுவார். நாம் இறக்கைக்குச் செய்ய வேண்டியதும் அதேதான்.

வேலூர்லயே கிடைக்குமா? கையில பாத்து வாங்கணும்.

ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரசரும் ஆன்லைனில்தான், அல்லது சென்னையில் தேடிப் போக வேண்டும். மற்றதெல்லாம் இங்கேயே உண்டு. பெயின்ட் அளக்க 5 மி.லி. சிரிஞ்ச், சொட்டு பாட்டில், ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஆகியவற்றுக்கு சி.எம்.சி. எதிரே ஐடா ஸ்கடர் ரோட்டில் மெடிக்கல் கடைகளுக்கா பஞ்சம்? டெஃப்லான் டேப் எந்த ஹார்டுவேர் கடையிலும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர். இதை மறக்காதீர்கள், நம் போர்வெல் தண்ணீரில் பெயின்ட் கரைத்தால் உப்புப் பூக்கும்.

ஹோஸ் மாட்டினா காத்து கசியுது. டூப்ளிகேட்டா?

பெரும்பாலும் திருகு மறை அளவு மாறியிருக்கும். கம்ப்ரசர் பக்கம் 1/4 அங்குலம், ஏர்பிரஷ் பக்கம் 1/8 அங்குலம் என்பது பரவலான ஏற்பாடு. பேட்ஜர், பாஷே போன்ற அமெரிக்க பிராண்டுகளுக்கு அவர்களுடைய மறையே வேறு. அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். மறை சரியாக இருந்தும் கசிந்தால் இரண்டு சுற்று டெஃப்லான் டேப். சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசிவு எங்கே என்று தெரியும், கேஸ் சிலிண்டருக்குப் பார்ப்பது மாதிரி.

எவ்ளோ பிரஷர் வைக்கணும்? ஒரு நம்பர் சொல்லுங்க போதும்.

15 பிஎஸ்ஐ. அதாவது ஒரு பாருக்குச் சற்று மேல். அங்கிருந்து நகருங்கள்: பிரைமருக்கு 20, கிட்டே போய் மெல்லிய கோடு போட 10-12, ஆனால் அப்போது பெயின்ட் இன்னும் நீர்த்திருக்க வேண்டும். ஒரு சங்கதி: டிரிக்கரை அழுத்திக் காற்று ஓடும்போது மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. சும்மா நிற்கும்போது 20 காட்டினால் ஓடும்போது 15-க்கு இறங்கும்.

பெயின்ட் சிலந்திக் கால் மாதிரி நாலாபக்கமும் ஓடினால், அது மிக நீர்த்திருக்கிறது அல்லது அழுத்தத்துக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள்.

பெயின்ட் கடை என்.சி. தின்னர் லிட்டர் கணக்குல கிடைக்குதே. எல்லாத்துக்கும் அதையே ஊத்தக் கூடாதா?

பெயின்ட்டைப் பொறுத்தது. வாலெஹோ மாதிரி தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கான தின்னர்) ஊற்றினால் திரிந்த பால்தான். அதற்கு அவர்களுடைய தின்னர், அவசரத்துக்கு டிஸ்டில்ட் வாட்டர். டமியா அக்ரிலிக் வேறு ஜாதி; அதற்கு எக்ஸ்-20ஏ தின்னரோ ஐசோபுரொபைல் ஆல்கஹாலோ ஒத்துப்போகும், லெவலிங் தின்னர் (மெதுவாகக் காய விடும் லாக்கர் தின்னர்) ஊற்றினால் இன்னும் வழவழப்பாக உட்காரும். மிஸ்டர் கலர் போன்ற லாக்கருக்கு அதற்கென்று வரும் தின்னர். என்.சி. தின்னர் ஒவ்வொரு டின்னிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், கொஞ்சம் ஈரமாக விழுந்தாலும் பிளாஸ்டிக்கை அரிக்கும். நான் அதை லாக்கர் அடித்த ஏர்பிரஷ்ஷைக் கழுவ மட்டும் வைத்திருக்கிறேன். ரப்பர் வளையம் பற்றி மேலே சொன்னதை அங்கேயும் நினைவில் வையுங்கள்.

பதம் எது என்றால், கப்பின் சுவரில் பூசினால் பால் மாதிரி வழிந்து, பின்னால் மெல்லிய படலம் விட வேண்டும். டமியாவுக்குப் பெயின்ட் ஒன்றுக்குத் தின்னர் ஒன்று என்று தொடங்குங்கள்.

யூடியூப்ல சொன்ன மாதிரியேதான் கலக்குறேன். ஆனா அடிச்ச இடம் உப்புக்காகிதம் மாதிரி சொரசொரன்னு இருக்குதே?

அந்த வீடியோ எடுத்தவர் இருபது டிகிரி அறையில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அக்னி நட்சத்திரத்தில், 40 டிகிரி தாண்டும் வேலூரில், மொட்டை மாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள். பெயின்ட் துளி நாசிலை விட்டுக் கிளம்பி பிளாஸ்டிக்கைச் சேரும் முன்பே காய்ந்துவிடுகிறது. பிளாஸ்டிக் மேல் விழுவது வெறும் தூள்.

விடியற்காலையில் அடியுங்கள், அல்லது ராத்திரி பத்துக்கு மேல். தின்னரைக் கூட்டி ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு வரை போங்கள். ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சில சொட்டு சேருங்கள். லெவலிங் தின்னரில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சாண் தள்ளி அடிப்பதை நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள், அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்குங்கள். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், வேறு வழியில்லை. நாசில் முனையில் காய்ந்த பெயின்ட் சேரும்போது தின்னர் தோய்த்த பட்ஸால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். வெயில் காலத்தில் நான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை துடைக்கிறேன்.

ஐப்பசி மழையில தண்ணி தெறிக்குது. ஃபில்டர் இருந்தும் ஏன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மீட்டரில் 4 பார் என்றால் டேங்க்கில் இருப்பது வெளிக்காற்றைப் போல ஐந்து மடங்கு நெருக்கம். அறைச் சூட்டில் காற்று சுமக்கக்கூடிய ஈரம் அதன் கன அளவைப் பொறுத்தது. ஐந்தில் ஒன்றாகச் சுருக்கினால் ஈரத்துக்கு இடமும் ஐந்தில் ஒன்று. வெளியே ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் மழை நாளில், ஆறியதும் முக்கால் பங்கு ஈரம் தண்ணீராக இறங்கியே தீரும். கேள்வி அது எங்கே இறங்குகிறது என்பதுதான். டேங்க் சூடாக இருந்தால் அங்கே இறங்காது. ஃபில்டரையும் ஆவியாகவே தாண்டி, ஹோஸில் ஆறி, உங்கள் இறக்கை மேல் துளியாக வந்து விழும்.

அதனால் டேங்க்கை ஆறவிடுங்கள். பத்து நிமிடம் அடித்தால் ஐந்து நிமிடம் சும்மா. நீளமான ஹோஸ் போட்டு, ஏர்பிரஷ்ஷுக்கு அடியில் இரண்டாவது குட்டி ஃபில்டர் மாட்டினால் மிச்சமும் நிற்கும். வேலை முடிந்ததும் டேங்க் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். செய்யாவிட்டால் உள்ளே துருதான்.

கரன்ட் போனா டேங்க்ல இருக்கிற காத்துல முடிச்சிடலாமா? இன்வெர்ட்டர்ல ஓடுமா?

3 லிட்டர் டேங்க் 4 பாரிலிருந்து 1.2 பாருக்கு இறங்கும்போது வெளிவருவது சுமார் 8 லிட்டர் காற்று. ஏர்பிரஷ் நிமிடத்துக்கு 10 லிட்டர் குடித்தால் ஒரு நிமிடம்கூட வராது. கப்பைக் காலி செய்து தின்னர் ஓட்ட அது போதும், அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் என்றால் தாராளமாக ஓடும். மோட்டார் இழுப்பது 150 வாட் அளவுதான். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் உறுமிக்கொண்டு சூடாகும், வேண்டாம்.

ஹவுஸ் ஓனர் கீழ் வீட்ல இருக்காரு. சத்தம் போடுவாரா?

கம்ப்ரசரா, ஓனரா? கம்ப்ரசர் சத்தம் பழைய ஃபிரிட்ஜை விடக் கொஞ்சம் கூட. தரை வழியாக இறங்கும் அதிர்வுதான் அவரை எழுப்பும். பழைய ரப்பர் மிதியடியை இரண்டாக மடித்து அடியில் போடுங்கள்.

அக்ரிலிக்னா வாசனையே இல்லையே, மாஸ்க் எதுக்கு?

வாசனை இல்லாவிட்டாலும் நுண்துளி நுரையீரலுக்குப் போகிறது. தண்ணீரில் கரைத்த அக்ரிலிக்குக்கு என்-95 போதும். லாக்கர், எனாமல், ஆல்கஹாலோ லெவலிங் தின்னரோ கலந்த டமியா என்றால் என்-95 ஆவியைத் தடுக்காது. கரித்தூள் கார்ட்ரிட்ஜ் வைத்த அரைமுக மாஸ்க் வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் சேஃப்டி சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து வெளியே தள்ளுங்கள். சமையலறையில் மட்டும் லாக்கர் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியும் அடுப்புத் தீயும் ஒரே அறையில் இருக்கக் கூடாது.

கழுவுறதுக்கே அரை மணி ஆவுது. தினமும் முழுசா கழட்டணுமா?

வேண்டாம். நிறம் மாற்றும்போது கப்பைத் துடைத்து, தின்னர் ஊற்றி, நிறமில்லாமல் வரும்வரை அடித்தால் போதும். நாள் முடிவில் நாசிலுக்குள் ஓடும் ஊசியை உருவி, தடித்த பக்கத்திலிருந்து கூர்முனை நோக்கி உருட்டியபடியே துடைத்து, திரும்ப மெதுவாக உள்ளே விட வேண்டும். நாசிலை நான் கழற்றுவது மாதம் ஒருமுறை, அல்லது அடைத்தால். முழு ஏர்பிரஷ்ஷையும் தின்னரில் ஊறப்போடாதீர்கள்.

எல்லாம் சரியா பண்றேன், ஆனா கப்புல பெயின்ட் கொதிக்கிற மாதிரி குமிழி வருது?

காற்று முன்னால் போக வழியில்லாமல் கப்புக்குத் திரும்புகிறது. முதலில் முன்மூடியைக் கழற்றி முனையில் காய்ந்த பெயின்ட் அடைத்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நாசில் தளர்ந்திருக்கும். மேலே சொன்ன பயத்தோடு, விரலால் இறுகும் அளவுக்கு மேல் கால் சுற்று கூடப் போகாமல் முடுக்குங்கள். அதற்கும் குமிழி நிற்கவில்லையா? நாசிலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வாய் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் அதற்கு மருந்து இல்லை, புது நாசில்தான். ஏர்பிரஷ் ஆர்டர் போடும்போதே உபரியாக ஒரு நாசிலும் ஒரு ஊசியும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். தனியாக வரவழைத்தால் கூரியர் கூலி நாசில் விலையைத் தாண்டுகிறது.

ஊசி கீழ விழுந்து முனை வளைஞ்சிடுச்சு. தூக்கிப் போடவா?

கொக்கி மாதிரி மடங்கியிருந்தால் போட்டுவிடுங்கள். லேசான வளைவு என்றால் கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வைத்து, நகத்தால் முனையை மெல்ல அழுத்தியபடி உருட்டுங்கள். பிறகு 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு, ஊசியைச் சுழற்றிக்கொண்டே ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. பெயின்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து வருவது நின்றால் சரியாகிவிட்டது. நிற்காவிட்டால் அந்த ஊசியை பிரைமர் அடிக்க வைத்துக்கொண்டு, உபரி ஊசியைப் பிரியுங்கள்.